கணினி இயற்கணித முறைமைகளில் பிழை கண்டறிதல்

கணினி இயற்கணித முறைமை என்பது எண்களை மட்டுமன்றி, குறியீடுகளையும் கொண்டு கணிதம் செய்யும் மென்பொருளாகும். சாதாரணக் கணிப்பான் 2-இன் வர்க்கமூலத்தை 1.41421 எனத் தோராயமாகத் தரும். கணினி இயற்கணித முறைமையோ அதை √2 என்றே வைத்துக்கொள்ளும்; அதை வர்க்கப்படுத்தினால் சரியாக 2 கிடைக்கும். கோவைகளை விரித்தல், காரணிப்படுத்தல், சமன்பாடுகளைத் தீர்த்தல், வகையிடல், தொகையிடல், அணிக்கோவை காணல் முதலியவற்றை இம்மென்பொருள்கள் செய்கின்றன.

இவை தரும் விடை எதிர்பார்த்ததற்கு மாறாக இருக்கும்போது, தவறு எங்குள்ளது என்று தேடிக் கண்டுபிடிப்பதே பிழை கண்டறிதல் ஆகும். தவறு மூன்று இடங்களில் இருக்கலாம்: பயனர் எழுதிய நிரலில், பயனரின் கணித எதிர்பார்ப்பில், அல்லது மென்பொருளில். பெரும்பாலான சிக்கல்கள் முதல் இரண்டு வகையைச் சேர்ந்தவை. மூன்றாம் வகை அரிது, ஆனாலும் நிகழ்ந்துள்ளது. எந்த வகை என்று முடிவு செய்யுமுன் விடையை வேறொரு வழியில் சரிபார்ப்பது இன்றியமையாதது.

இக்கட்டுரையில் க, ச, ந ஆகிய எழுத்துகள் மாறிகளைக் குறிக்கின்றன.

முதன்மையான மென்பொருள்கள்

மேக்சிமாவின் மூதாதை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1968-இல் தொடங்கப்பட்ட மேக்சைமா எனப்படும் மென்பொருளாகும். அதன் ஒரு கிளையை வில்லியம் ஷெல்டர் என்னும் பேராசிரியர் 1982 முதல் 2001-இல் மறையும்வரை பராமரித்தார். 1998-இல் அதைக் கட்டற்ற மென்பொருளாக வெளியிட அவர் அனுமதி பெற்றார். இன்றைய மேக்சிமா அவ்வாறு கிடைத்ததே. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 1980-இல் மேப்பிள் தொடங்கப்பட்டது. மேத்தமேட்டிக்கா 1988-இல் வெளிவந்தது. சேஜ்மேத் 2005-இல் வெளிவந்தது. சிம்பை என்பது பைத்தான் மொழியில் எழுதப்பட்ட நிரலகம். மேக்சிமா, சிம்பை, சேஜ்மேத் ஆகிய மூன்றும் கட்டணமின்றிக் கிடைப்பதால் மாணவர்களுக்கு ஏற்றவை.

எழுதும் முறையால் வரும் பிழைகள்

ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனி எழுத்துமுறை உண்டு. ஒன்றில் பழகியவர் மற்றொன்றுக்கு மாறும்போது தடுமாறுவது இயல்பு.

சமக்குறி: மேத்தமேட்டிக்காவிலும் பைத்தானிலும் ஒற்றைச் சமக்குறி, மதிப்பை மாறிக்குள் இடுவதைக் குறிக்கும். மேக்சிமாவில் அதற்கு முக்காற்புள்ளி (:) பயன்படுகிறது. ஒற்றைச் சமக்குறி அங்கே சமன்பாட்டைக் குறிக்கும். மேக்சிமாவில் க = 5 என்று எழுதினால் க-வுக்கு மதிப்பு எதுவும் ஏறாது. சிம்பையில் இரட்டைச் சமக்குறி, இருபுறமும் எழுத்து வடிவில் ஒன்றா என்று மட்டுமே பார்க்கும். க² == 4 என்பது "பொய்" என்று மதிப்பிடப்பட்டுவிடும்; சமன்பாடு தீர்க்கும் கட்டளைக்குப் போய்ச் சேராது. சமன்பாட்டை அமைக்கத் தனிக் கட்டளை உண்டு. அல்லது எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவந்து க² − 4 என்று தரலாம்.

அடுக்குக்குறி: பைத்தானில் அடுக்குக்கு இரட்டை உடுக்குறி (**) வேண்டும். மேல்நோக்கிய கூர்க்குறி (^) அங்கே இரும எண்களுக்கான வேறொரு செயல். எனவே 2^3 என்று எழுதினால் 8 வராது, 1 வரும். பிழைச்செய்தியும் வராது.

பெருக்கல்: மேத்தமேட்டிக்காவில் இரு எழுத்துகளை இடைவெளியின்றிச் சேர்த்து எழுதினால் அவை இரு மாறிகளின் பெருக்கல் ஆகாது, ஒரே பெயர் கொண்ட புதிய மாறி ஆகும். கரும்பலகையில் பெருக்கற்குறியை விட்டுவிட்டு எழுதும் பழக்கம் இங்கு உதவாது.

மாறிலிகளும் சார்புகளும்: மேக்சிமாவில் பை, இயல்மடக்கை அடிமானம் முதலியவற்றின் முன் விழுக்காட்டுக் குறி (%) இடவேண்டும். இடாவிட்டால் அவை மதிப்பில்லாத வெறும் எழுத்துகளாகவே நிற்கும். கோணங்கள் ஆரையனில் கொள்ளப்படும். சைன் 30-க்கு 0.5 வராமல் −0.988 வந்தால் காரணம் இதுதான். மடக்கை என்பது இயல்மடக்கையையே குறிக்கும் ஆதலால் 100-இன் மடக்கை 2 அன்று, ஏறத்தாழ 4.605.

பழைய மதிப்பு: காலையில் க-வுக்கு 5 என்று மதிப்பிட்டுவிட்டு, பிற்பகலில் அதே அமர்வில் க-வைக் கொண்டு சமன்பாடு எழுதினால் மென்பொருள் 5-ஐயே பயன்படுத்தும். புரியாத பிழைச்செய்தி வரும்போது முதலில் செய்ய வேண்டியது, அமர்வை மூடிப் புதிதாகத் தொடங்கி, கட்டளைகளை வரிசையாக மீண்டும் இயக்குவதாகும். சிம்பையில் இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. க + 1 என்னும் கோவையை உருவாக்கிய பிறகு க = 2 என்று எழுதினால் அக்கோவை 3 ஆகாது. பழைய க என்னும் குறியீடு கோவைக்குள் அப்படியே இருக்கும். மதிப்பிட, பிரதியிடும் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும்.

துல்லிய எண்ணும் தோராய எண்ணும்

1/3 என்பது துல்லிய எண். 0.3333 என்பது தோராய எண். கணினி தோராய எண்களை மிதவைப்புள்ளி எண்களாக, குறிப்பிட்ட இலக்கங்களுடன் மட்டும் சேமிக்கிறது. கோவையில் ஒரேயொரு தசம எண் நுழைந்தாலும் துல்லியம் போய்விடும். பைத்தானில் 1/3 என்று எழுதியவுடன், சிம்பை அதைப் பார்ப்பதற்கு முன்பே, மொழி அதைத் தசமமாக்கிவிடுகிறது. க-வின் கனமூலத்தைக் கேட்டவருக்கு க-வின் அடுக்கு 0.333333333333333 என்று விடை வருவது இதனால்தான். விகிதமுறு எண்ணை அமைக்கும் கட்டளையைப் பயன்படுத்தினால் இச்சிக்கல் நீங்கும்.

இதன் விளைவு எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்பதை ஜெர்மனியின் சீக்ஃபிரீட் ரும்ப் 1988-இல் ஓர் எடுத்துக்காட்டால் காட்டினார்:

333.75ச⁶ + க²(11க²ச² − ச⁶ − 121ச⁴ − 2) + 5.5ச⁸ + க/(2ச)

இதில் க = 77617, ச = 33096 எனப் பிரதியிட வேண்டும். அக்காலத்துப் பெருங்கணினி ஒன்றில் ஒற்றை, இரட்டை, விரிவு என மூன்று துல்லிய நிலைகளிலும் விடை 1.1726... என்றே வந்தது. மூன்றும் ஒத்துப்போனதால் அதுவே சரி என்று யாரும் நினைப்பர். உண்மையான விடை −54767/66192, அதாவது ஏறத்தாழ −0.8274. குறியே மாறிவிட்டது. மிகப்பெரிய எண்கள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும்போது கடைசி இலக்கங்கள் தொலைந்துபோனதே காரணம். கணினி இயற்கணித முறைமையில் 333.75-ஐ 1335/4 என்றும், 5.5-ஐ 11/2 என்றும் பின்னமாகத் தந்தால் சரியான விடை உடனே கிடைக்கும். கணக்கு முடியும்வரை பின்னங்களிலேயே இருந்து, கடைசியில் மட்டும் தசமத்துக்கு மாற்றுவதே நல்ல வழக்கம்.

மாறியின் இயல்பு

பள்ளிக் கணிதத்தில் க என்றால் பெரும்பாலும் மெய்யெண் என்று சொல்லாமலே கொள்கிறோம். மென்பொருள் அவ்வாறு கொள்வதில்லை. பல மென்பொருள்களில், வேறுவிதமாகச் சொல்லப்படாத மாறி ஒரு கலப்பெண் ஆகும்.

√(க²) என்பதைச் சுருக்கினால் க என வரும் என்று மாணவர் எதிர்பார்ப்பார். சிம்பை அதைச் சுருக்காமல் விட்டுவிடும். க = −3 எனில் √(க²) = 3 ஆதலால் சுருக்காததே சரி. க மெய்யெண் என்று அறிவித்தால் |க| எனவும், மிகையெண் என்று அறிவித்தால் க எனவும் விடை வரும்.

−8-இன் கனமூலம் மற்றோர் எடுத்துக்காட்டு. பாடநூலில் விடை −2. மேக்சிமாவும் அவ்வாறே தரும். மேத்தமேட்டிக்காவும் சிம்பையும் முதன்மை மதிப்பு எனப்படும் கலப்பெண் மூலத்தைத் தருகின்றன. அதன் மெய்ப்பகுதி 1, கற்பனைப் பகுதி √3. இவ்விரு விடைகளையும் கனப்படுத்தினால் −8 கிடைக்கும். இரண்டும் சரியே, எந்த மூலம் வேண்டும் என்று கேட்பவர்தான் சொல்ல வேண்டும்.

அறிவிப்பு செய்வதிலும் கவனம் தேவை. க மிகையெண் என்று அறிவித்துவிட்டு க² = 4 என்பதைத் தீர்க்கச் சொன்னால் சிம்பை 2-ஐ மட்டுமே தரும்; −2 வராது. அதே பெயரில், ஒருமுறை மிகையெண் என்றும் மறுமுறை எதுவும் சொல்லாமலும் இரு குறியீடுகளை உருவாக்கினால், சிம்பை அவற்றை வெவ்வேறாகக் கருதும். அப்போது திரையில் க − க என்றே தெரியும், சுழியம் ஆகாது. பார்ப்பவருக்கு மென்பொருள் பழுதானது போலத் தோன்றும்.

சிறப்பு நிலைகளும் இவ்வகையைச் சேர்ந்தவை. கⁿ என்பது போன்ற, க-வின் ந அடுக்கைத் தொகையிடச் சொன்னால் மேத்தமேட்டிக்கா பொதுவான வாய்பாட்டை மட்டும் தரும்; ந = −1 என்னும் விதிவிலக்கைச் சொல்லாது. சிம்பை இரண்டு நிலைகளையும் பிரித்துக் காட்டும். மேக்சிமா, ந என்பது −1-க்குச் சமமா என்று பயனரையே திருப்பிக் கேட்கும். அக்கேள்வியைப் பிழைச்செய்தி என்று நினைத்து அடுத்த கட்டளையைத் தட்டுவோர் உண்டு. கேள்விக்கு விடையளித்தால்தான் கணக்கு தொடரும்.

விடை சரி, வடிவம் வேறு

பாடநூலின் விடையும் மென்பொருளின் விடையும் வெவ்வேறாகத் தோன்றினாலும் இரண்டும் சரியாக இருக்கக்கூடும்.

சைன் க × கொசைன் க என்பதைத் தொகையிட்டால் (சைன்² க)/2 என்று ஒருவருக்கு வரும், −(கொசைன்² க)/2 என்று மற்றொருவருக்கு வரும், −(கொசைன் 2க)/4 என்று மூன்றாமவருக்கு வரும். மூன்றும் ஒரு மாறிலியால் மட்டுமே வேறுபடுகின்றன. மென்பொருள்கள் தொகையீட்டு மாறிலியைப் பொதுவாக எழுதுவதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 1/க-வின் தொகையீட்டைப் பாடநூல் மடக்கை |க| என்று எழுதும். சிம்பையும் மேக்சிமாவும் மட்டுக்குறியின்றி மடக்கை க என்றே தரும். கலப்பெண்களில் அது பொருந்தும். க குறையெண்ணாக இருக்கும்போது மெய்யெண் விடை வேண்டுவோர் மட்டுக்குறியைத் தாமே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

க³ − 3க + 1 = 0 என்னும் சமன்பாட்டுக்கு மூன்று மூலங்களும் மெய்யெண்களே: ஏறத்தாழ 1.532, 0.347, −1.879. ஆனால் முப்படிச் சமன்பாட்டின் பொது வாய்பாட்டைப் பயன்படுத்தும் மென்பொருள், கற்பனை அலகு நிறைந்த நீண்ட விடையைத் தரும். இது பிழையன்று. இத்தகைய முப்படிச் சமன்பாடுகளின் மூலங்களை மெய்யெண் மூலக்குறிகளால் மட்டும் எழுத இயலாது என்பது நிறுவப்பட்ட உண்மை. அந்த விடையைத் தசமமாக்கினால் 10⁻¹⁶ அளவில் மிகச் சிறிய கற்பனைப் பகுதி ஒட்டிக்கொண்டிருக்கலாம். அது தோராயக் கணக்கின் எச்சம் மட்டுமே.

இரண்டு கோவைகள் சமமா என்று அறிய, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துச் சுருக்கிப் பார்க்க வேண்டும். சுழியம் வந்தால் அவை சமம். சுழியம் வராவிட்டால் அவை சமமல்ல என்று உடனே முடிவு செய்யக் கூடாது. எல்லாக் கோவைகளுக்கும் இதைத் தீர்மானிக்கும் பொது வழிமுறை இருக்க முடியாது என்று டேனியல் ரிச்சர்ட்சன் 1968-இல் நிறுவினார்.

விடையே வராத நிலை

தொகையிடச் சொன்ன கோவையை மென்பொருள் தொகையீட்டுக் குறியுடன் அப்படியே திருப்பித் தருவதுண்டு. அதற்கு, தன்னிடமுள்ள வழிமுறைகளால் விடை காண முடியவில்லை என்று பொருள். விடை இல்லை என்று எப்போதும் பொருளன்று. சில தொகையீடுகளுக்குப் பள்ளியில் அறிந்த சார்புகளால் விடை எழுதவே முடியாது. இயல்மடக்கை அடிமானத்தின் −க² அடுக்கு அத்தகையது. அதன் விடையை மென்பொருள் பிழைச் சார்பு எனப்படும் சிறப்புச் சார்பால் எழுதும். இப்பெயரைத் திரையில் காண்பவர் கணக்கில் பிழை நேர்ந்துவிட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை. அளவீட்டுப் பிழைகளின் கோட்பாட்டில் பயன்பட்டதால் வந்த பெயர் அது.

அதுபோலவே க⁵ − க − 1 = 0 என்பதன் மூலங்களை மூலக்குறிகளால் எழுத இயலாது. மென்பொருள் "இச்சமன்பாட்டின் முதல் மூலம், இரண்டாம் மூலம்" என்ற முறையில் விடை தரும். தசம மதிப்பைக் கேட்டால் மெய்மூலம் ஏறத்தாழ 1.1673 என்று கிடைக்கும்.

கணினி நெடுநேரம் ஓடிக்கொண்டே இருந்தால் கோவை அளவுக்கு மீறிப் பெருகியிருக்கலாம். எல்லா உறுப்புகளும் எழுத்துகளாக உள்ள 10 × 10 அணியின் அணிக்கோவையை விரித்தால் 36,28,800 உறுப்புகள் வரும். எண்களை இயன்றவரை முன்னதாகப் பிரதியிடுவதும், 2 × 2, 3 × 3 என்று சிறிய அளவில் முதலில் சோதிப்பதும் இதற்கு வழிகளாகும்.

மென்பொருளே தவறிய நிகழ்வு

ஸ்பெயின் நாட்டுக் கணிதவியலாளர்களான அந்தோனியோ துரான், மரியோ பெரெஸ், ஹுவான் லூயிஸ் வரோனா ஆகிய மூவரும் ஒரு கணித ஊகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தனர். அதற்காக, இலக்கங்கள் மிக நீண்ட முழு எண்களைக் கொண்ட அணிக்கோவைகளை மேத்தமேட்டிக்காவில் கணக்கிட்டனர். ஊகத்தைப் பொய்யாக்கும் எடுத்துக்காட்டுகள் கிடைத்தது போலத் தோன்றியது. ஆனால் அவ்விடைகள் மேப்பிள் தந்த விடைகளோடு பொருந்தவில்லை. தொடர்ந்து சோதித்தபோது, 14 × 14 அணி ஒன்றின் அணிக்கோவையை இரண்டு முறை கணக்கிட்டால் மேத்தமேட்டிக்கா இரண்டு வெவ்வேறு விடைகளைத் தந்ததைக் கண்டனர். முழு எண் கணக்கில் தோராயத்துக்கு இடமே இல்லை. மென்பொருள் எச்சரிக்கை எதுவும் தரவுமில்லை. 2013-இல் அவர்கள் இவ்வழுவை நிறுவனத்துக்கு அறிவித்தனர். 2014 நவம்பரில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் இதழில் இதுபற்றிக் கட்டுரை எழுதினர். இரண்டாவது மென்பொருளில் சரிபார்த்திராவிட்டால் அவர்களுடைய ஆய்வு தவறான முடிவுக்குப் போயிருக்கும்.

மென்பொருள் சரியாக இருந்த நிகழ்வு

மேற்கண்டதற்கு நேர்மாறானது போர்வைன் தொகையீடுகளின் கதை. கணிதவியலாளர்களான டேவிட் போர்வைன், அவர் மகன் ஜொனாதன் போர்வைன் ஆகியோர் 2001-இல் இவற்றை விளக்கினர். (சைன் க)/க என்பதைச் சுழியத்திலிருந்து முடிவிலி வரை தொகையிட்டால் பை/2 கிடைக்கும். அதனுடன், க-வுக்குப் பதில் க/3 இட்ட அதே வடிவக் காரணியைப் பெருக்கித் தொகையிட்டாலும் பை/2. பிறகு க/5, க/7 என்று க/13 வரை காரணிகளைச் சேர்த்துக்கொண்டே போனாலும் ஒவ்வொரு முறையும் பை/2 என்றே வரும். க/15-ஐச் சேர்த்தவுடன் விடை பை/2-ஐ விட ஏறத்தாழ 2.31 × 10⁻¹¹ அளவு குறைந்துவிடுகிறது. முதல் பத்துத் தசம இடங்களில் வேறுபாடே தெரியாது.

கணினி இயற்கணித மென்பொருளில் இதைக் கணக்கிட்டுப் பார்த்த ஆய்வாளர் ஒருவர், மென்பொருளில் வழு இருக்கிறது என்றே முடிவு செய்தார். வழு எதுவும் இல்லை. 1/3 + 1/5 + 1/7 + 1/9 + 1/11 + 1/13 என்பதன் மதிப்பு ஏறத்தாழ 0.955. இக்கூட்டுத்தொகை 1-ஐத் தாண்டாதவரை தொகையீடு பை/2 ஆகவே இருக்கும். 1/15-ஐச் சேர்த்தால் 1.02 ஆகி 1-ஐத் தாண்டுகிறது. அப்போது சீர்மை உடைகிறது. ஏழு முறை ஒரே விடை வந்ததால் எட்டாவது முறையும் அதுவே வரும் என்று எண்ணியதே தவறு.

சரிபார்க்கும் முறை

எதிர்பாராத விடை வரும்போது பின்வரும் வரிசையைப் பின்பற்றலாம்.

1. அமர்வைப் புதிதாகத் தொடங்கி, கட்டளைகளை முதலிலிருந்து இயக்குக.
2. மென்பொருள் தன் உள்ளீட்டைத் திருப்பிக் காட்டுவதைப் படித்துப் பார்க்க. எழுத நினைத்ததும் அது புரிந்துகொண்டதும் ஒன்றா என்பது அங்கே தெரியும்.
3. கோவையில் தசம எண் நுழைந்துள்ளதா என்று பார்க்க.
4. மாறிகள் மெய்யெண்ணா, மிகையெண்ணா, முழு எண்ணா என்று அறிவிக்கப்பட்டுள்ளதா, அந்த அறிவிப்பு சரியா என்று பார்க்க.
5. விடையைப் பின்னோக்கிச் சோதிக்க. தொகையீட்டை வகையிட்டால் பழைய கோவை வரவேண்டும். மூலத்தைச் சமன்பாட்டில் பிரதியிட்டால் சுழியம் வரவேண்டும்.
6. 0, 1 போன்ற எளிய எண்களைத் தவிர்த்து, 0.37, 2.81, −1.46 போன்ற எண்களைப் பிரதியிட்டு இருபுறமும் ஒப்பிடுக. வரையறுத்த தொகையீடாயின் எண்முறையில் தனியே கணக்கிட்டு ஒப்பிடுக.
7. சிக்கலைச் சுருக்குக. நூறு வரி நிரலில் பாதியை நீக்கியும் பிழை தொடர்ந்தால், தவறு மீதிப் பாதியில் உள்ளது. இப்படியே பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு போனால், பிழையைக் காட்டும் இரண்டு மூன்று வரிகள் மட்டும் எஞ்சும்.
8. அந்த வரிகளை வேறொரு மென்பொருளில் இயக்கிப் பார்க்க.

பெரும்பாலும் ஏழாவது படிக்குள் காரணம் தெரிந்துவிடும். எட்டாவது படியிலும் முரண்பாடு நீடித்து, இரண்டு விடைகளில் எது தவறு என்பதைக் கணித முறையில் காட்ட முடிந்தால் மட்டுமே அதை வழு எனக் கருதலாம்.

வழுவை அறிவித்தல்

வழு அறிவிப்பில் மென்பொருளின் பதிப்பு எண், இயங்குதளம், பிழையைக் காட்டும் மிகச் சிறிய நிரல், கிடைத்த விடை, எதிர்பார்த்த விடை, அதுவே சரி என்பதற்கான காரணம் ஆகியவை இடம்பெற வேண்டும். "தொகையீடு வேலை செய்யவில்லை" என்ற அறிவிப்பைக் கொண்டு யாராலும் எதையும் திருத்த முடியாது. கட்டற்ற மென்பொருள்களில் இவ்வறிவிப்புகள் பொதுவில் வைக்கப்படுவதால், அதே சிக்கலை வேறொருவர் முன்பே அறிவித்துள்ளாரா என்று தேடிப் பார்ப்பது நன்று. திருத்தத்தைப் பயனரே எழுதி அனுப்பவும் வாய்ப்புண்டு.

கற்றலில் இதன் இடம்

வீட்டுப்பாட விடையை மென்பொருளோடு ஒப்பிட்டு, பொருந்தாததால் தன் சரியான விடையை அடித்துவிடும் மாணவர் உண்டு. மென்பொருளின் தவறான பயன்பாட்டால் வந்த விடையை அப்படியே எழுதிவிடும் மாணவரும் உண்டு. இருவரும் விட்டுவிட்டது ஒரே படியைத்தான்: விடையைச் சமன்பாட்டில் பிரதியிட்டுப் பார்ப்பது. காகிதத்தில் கணக்கிட்ட காலத்திலிருந்தே கற்பிக்கப்பட்டு வரும் படி அது. கணினி வந்த பிறகும் அதன் தேவை குறையவில்லை.